ஒயின் படிப்பு என்றதும் தயங்கும் தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை பயிரிடும் குடும்பத்தில் பிறந்த தங்கள் மகள், பிளஸ் டூ முடித்த கையோடு ஆஸ்திரேலியா சென்று திராட்சை வளர்ப்பும் ஒயின் தயாரிப்பும் படிக்க விரும்புவதாகவும், "சாராயம் காய்ச்சவா பெண்ணை அனுப்புகிறாய்?" என்று உறவினர்கள் கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்தக் கேள்வியைவிட, கடிதத்தின் கடைசி வரியில் தாங்கள் கேட்டிருக்கும் "படித்துவிட்டு எங்கே வேலைக்குப் போவாள்?" என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முதலில் படிப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இதில் பாதி தோட்டம், பாதி வேதியியல். தோட்டத்துப் பாதியில் தங்கள் மகளுக்குக் கொடியை வெட்டிவிடும் கவாத்தும் பந்தலும் இலையைத் தாக்கும் அடிச்சாம்பல் நோயும் புதியவை அல்ல. ஆனால் நம் பள்ளத்தாக்கில் கவாத்து செய்யும் மாதத்தை மாற்றினால் அறுவடை மாதமும் மாறும். ஆண்டு முழுவதும் எங்காவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும். குளிர்நாட்டுக் கொடியோ பனிக்காலத்தில் இலை உதிர்த்து உறங்கி, ஆண்டுக்கு ஒரே முறைதான் காய்க்கும். ஆகவே மூன்று ஆண்டுகள் படிப்பவர் மூன்றே அறுவடைகளைத்தான் பார்க்க முடியும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தென்கோளத்திலும், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை ஐரோப்பாவிலோ கலிபோர்னியாவிலோ வேலை செய்து, ஒரே ஆண்டில் இரண்டு அறுவடைகளைப் பார்த்துவிட இத்துறை இளைஞர்கள் அலைவது இதனால்தான்.

வேதியியல் பாதியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஒரு லிட்டர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை இருந்தால், நொதித்த பிறகு அது ஒரு சதவீத ஆல்கஹாலாகும் என்பது பாலபாடம். அதற்கு மேல் அமிலத்தன்மை, கந்தக டை ஆக்சைடின் அளவு, ஈஸ்ட்டுக்குப் போதிய நைட்ரஜன் என்று ஒவ்வொரு தொட்டியையும் அளந்து எழுத வேண்டும். அறுவடைக் காலத்தில் ஆய்வகத்தில் நிற்கும் நேரத்தைவிட, ரப்பர் பூட்ஸ் அணிந்து தொட்டியும் குழாயும் கழுவும் நேரமே அதிகம். நொதிக்கும் தொட்டியின் அடியில் தங்கும் கரியமில வாயு ஆளையே கொல்லக்கூடியது என்பதால், காற்றைச் சோதிக்காமல் உள்ளே இறங்கக் கூடாது என்பதும் பாடத்தில் உண்டு.

குடிப்பழக்கம் வந்துவிடுமோ என்ற அச்சத்துக்கு ஒரு செய்தி. 21 வயதுக்குக் குறைந்தவர்கள் மது அருந்தக் கூடாத கலிபோர்னியாவில், ஒயின் படிக்கும் 18 வயது நிரம்பிய மாணவர்கள் வகுப்பில் சுவைக்கலாம், ஆனால் விழுங்கக் கூடாது என்று 2014இல் சட்டமே இயற்றினார்கள். சுவைத்துத் துப்புவதுதான் தொழில்முறை. ஒரே காலையில் இருபது மாதிரிகளை விழுங்குபவரால் இருபத்தொன்றாவதைப் பற்றி எதுவும் எழுத முடியாது.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தை மகள் தேர்ந்தெடுத்ததில் குறை சொல்ல எனக்கு ஏதுமில்லை. 1936இல் ரோஸ்வொர்த்தி வேளாண் கல்லூரியில் தொடங்கிய ஒயின் படிப்பின் வழிவந்தது அங்குள்ள படிப்பு. அக்கல்லூரி 1991இல் அடிலெய்டு பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. என் தயக்கமெல்லாம் இளநிலைப் படிப்பையே அங்கே தொடங்குவதில்தான். கடன் வாங்கிப் படித்துவிட்டு ஊர் திரும்பினால், தமிழ்நாட்டில் இப்பட்டத்துக்கென்று பெரிதாக வேலை இல்லை. வேலை இருப்பது மகாராஷ்டிராவின் நாசிக், அக்லூஜ், பெங்களூருக்கு அருகிலுள்ள நந்தி மலை போன்ற இடங்களில்; தொடக்கச் சம்பளம் வெளிநாட்டுக் கடனின் தவணைக்கு ஈடுகொடுக்காது.

ஆகவே பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் நான்காண்டு இளநிலைப் படிப்பை முடித்து, முதுநிலைக்கு அடிலெய்டு, கலிபோர்னியாவின் டேவிஸ், ஜெர்மனியின் கெய்சன்ஹைம் ஆகிய பல்கலைக்கழகங்களுள் ஒன்றுக்குச் செல்வதே என் பரிந்துரை. இடையில் ஜனவரி முதல் மார்ச் வரையிலான நாசிக் அறுவடை ஒன்றில் பயிற்சி பெற முடிந்தால், இந்த வேலை தனக்கு ஒத்துவருமா என்பதை மகளே தெரிந்துகொள்வார். மனம் மாறினாலும் நட்டமில்லை. ஏற்றுமதித் திராட்சை, உலர்திராட்சை, நாற்றங்கால் ஆகியவற்றுக்கு அதே தோட்டக்கலைப் பட்டம் போதும்.

இந்த வழியில் நான் ஒருமுறை தவறியிருக்கிறேன். முதுநிலைக்குக் கால்குலஸும் கரிம வேதியியலும் முன்கூட்டியே படித்திருக்க வேண்டும் என்று ஒரு பல்கலைக்கழகம் கேட்டதை நான் கவனிக்கத் தவற, அந்த மாணவருக்கு ஓராண்டு வீணானது. அதனால் இப்போது எந்த ஆலோசனைக்கு முன்பும் பாடப்பட்டியலைக் கேட்டு வாங்கிவிடுகிறேன். மகளின் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலை எனக்கு அனுப்பிவையுங்கள். வேதியியல், கணிதம் இரண்டையும்தான் முதலில் பார்ப்பேன். அதற்குள் ஒரு நாள் அவரை ஆனைமலையன்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையத்துக்கு அழைத்துச் சென்று, அங்குள்ள விஞ்ஞானிகளிடம் அவரையே பேசவிடுங்கள்.