டீச்சர்கிட்ட கேளுங்க: ஃபார்ம் த்ரீயிலேயே தொடங்கணுமா?

இந்த மாசம் கடுதாசி செம்பனைக் குலை மாதிரி குவிஞ்சிருச்சு, அதுல பாதிக்கு மேல ஒரே கேள்விதான், பெரிய யூனிவர்சிட்டிக்குப் பிள்ளையை எப்ப இருந்து தயார் பண்றதுன்னு. நாலு பேருக்கு மட்டும் பதில் சொல்றேன், மத்தவங்க கோச்சுக்காதீங்க.

வணக்கம் டீச்சர். மக ஃபார்ம் த்ரீ (ஒன்பதாவது வருஷம்) படிக்கிறா. ஃபார்ம் ஃபோருக்கு எந்தப் பாடத் தொகுப்பு (பாக்கேஜ்) வேணும்னு ஸ்கூல்ல பாரம் குடுத்திருக்காங்க. அவ கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், அட் மேட்ஸ் (கூடுதல் கணக்கு)தான் வேணுங்கிறா. வீட்டுல எல்லாரும் அக்கவுண்ட்ஸ் எடு, லேசா ஏ வாங்கலாம்னு சொல்றாங்க. எத்தனை பாடத்துக்கு டியூஷன் வைக்கணும்? – ஒரு அம்மா, கோலசிலாங்கூர்

தங்கச்சி, டியூஷன் கதையை அப்புறம் பேசுவோம், மொதல்ல அந்த பாரத்தை எடுத்து மேசை மேல வச்சு நிதானமா படிங்க. என் கதையைச் சொல்றேன். நான் பத்தாங் பெர்ஜுந்தைக்காரி, இப்ப பெஸ்தாரி ஜெயான்னு போர்டு வச்சிருக்காங்க, எங்க ஆளுங்க வாயில இன்னும் பழைய பேருதான். எனக்கும் இதே மாதிரி ஒரு பாரம் குடுத்தாங்க. அப்பா பால் ஸ்டோர்ல வாளியை எறக்கி வச்சுட்டு வரிசையில நின்னுக்கிட்டு இருந்தாரு, அங்கேயே போயி நீட்டினேன், வாத்தியார் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு ஒரு வரி படிக்காம கையெழுத்துப் போட்டாரு, விரல்ல இருந்த ஒட்டுப்பால் பேப்பர் ஓரத்துல ஒட்டிக்கிச்சு, நான் அதை நகத்தால சொரண்டிக்கிட்டே ஸ்கூலுக்குப் போனேன். ஆர்ட்ஸ் கிளாஸ்ல போட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு ரிசல்ட் நல்லாவே வந்துச்சு, ஃபார்மசி படிக்கலாம்னு போயி விசாரிச்சா, கெமிஸ்ட்ரி எங்கேம்மான்னு கேட்டாங்க. அவ்வளவுதான். டீச்சரானதுல எனக்கு வருத்தம் இல்ல, ஆனா அதை நான் தேர்ந்தெடுக்கலையே.

1917-லேயே நாட்டோட மொத வியாபாரச் செம்பனைத் தோட்டம் போட்டது எங்க ஊரு தென்னமரம் எஸ்டேட்லதான், இப்ப யூனிசெல் யூனிவர்சிட்டி காம்பஸே இங்க இருக்கு, ஆனாலும் அந்த பாரத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போடுற பெத்தவங்களை நான் வருஷா வருஷம் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

சீக்கிரமா தயார் பண்றதுன்னா என்னைக் கேட்டா இதுதான். ஃபார்ம் ஃபைவ் முடிவுல எழுதுறது எஸ்பிஎம் பரீட்சை, அதுக்கு அப்புறம் யூனிவர்சிட்டிக்குத் தயார் பண்ற அரசாங்கப் படிப்புதான் மெட்ரிக்குலேஷன். மெட்ரிக்குலேஷன் சயன்ஸ் போகணும்னா எஸ்பிஎம்ல அட் மேட்ஸ், கெமிஸ்ட்ரி, கூட பிசிக்ஸோ பயாலஜியோ வேணும். இஞ்சினியரிங், மெடிக்கல், ஃபார்மசி எல்லாத்துக்கும் இந்தப் பக்கமா வந்தாதான் வழி. சயன்ஸ் படிச்ச பிள்ளை பின்னாடி மனசு மாறி அக்கவுண்ட்ஸ் போகலாம், ஆனா அக்கவுண்ட்ஸ் எடுத்த பிள்ளை பின்னாடி டாக்டருக்குப் போக முடியாது. லேசா வர்ற ஏ-க்காக வழியை அடைச்சுறாதீங்க, அதுவும் பிள்ளையே ஆசைப்பட்டுக் கேக்கும்போது. அவளுக்கே பிடிக்கலைன்னா அது வேற பேச்சு, அழுதுக்கிட்டே பிசிக்ஸ் படிச்ச பிள்ளைங்களையும் நான் பாத்திருக்கேன்.

அவ கேக்குற பாக்கேஜ் அந்த ஸ்கூல்ல இல்லைன்னா கௌன்செலிங் டீச்சரைப் போயி பாருங்க, பக்கத்து ஸ்கூலுக்கு மாத்திக்க வழி இருக்கான்னு கேளுங்க, ஃபார்ம் ஃபோர் தொடங்குறதுக்கு முன்னாடியே கேட்டுருங்க. டியூஷன் ஒரே பாடத்துக்குப் போதும், அட் மேட்ஸ், அதுவும் ஃபார்ம் ஃபோர் மொத மாசத்துல இருந்தே. ஃபார்ம் ஃபைவ்ல பாத்துக்கலாம்னு விட்ட பிள்ளைங்க எந்திரிக்கவே இல்ல. மிச்ச காசுக்குக் கதைப் புஸ்தகம் வாங்கிக் குடுங்க, மலாய்ல, இங்கிலீஷ்ல, தமிழ்ல, எதுவா இருந்தாலும் சரி, ராத்திரி அரை மணி நேரம் படிக்கட்டும்.

டீச்சர், நான் ஃபார்ம் ஃபோர். அமெரிக்காவுல படிக்கணும்னு ஆசை, சொன்னா கூட்டாளிங்க சிரிக்கிறாங்க. ஆக்டிவிட்டி ஒன்னும் பெருசா இல்ல, ஸ்கூல் விட்டா பாட்டியைப் பாத்துக்கணும், சாயங்காலம் அம்மா பசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தை) வடை போடுறாங்க, அங்க போயிருவேன். – தம்பி, ரவாங்

சிரிக்கட்டும் தம்பி. ஆனா நெஜத்தையும் சொல்லிடுறேன், ஹார்வர்டு மாதிரி இடத்துல நூறு பேர் போட்டா அஞ்சு பேருக்குக்கூட இடம் கெடைக்காது, அதனால அது ஒன்னையே நம்பி உக்காராத. காசு விஷயத்துல மட்டும் ஒரு நல்ல சேதி இருக்கு. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் இந்த அஞ்சும் வெளிநாட்டுப் பிள்ளையா இருந்தாலும் கட்ட வசதி இருக்கா இல்லையான்னு பாக்காம எடுப்பாங்க, எடுத்துட்டா குடும்பத்தால முடியாத பணத்தை அவங்களே குடுப்பாங்க. நாம கஷ்டப்பட்டாவது ஃபீஸ் கட்டிடுவோம்னு நெனைக்கிற சின்ன காலேஜுங்கள்ல பெரும்பாலானதுக்கு இந்த வசதி கெடையாது, ஜாக்கிரதை.

அங்க பன்னண்டு வருஷப் படிப்பு, நம்ம எஸ்பிஎம் வரைக்கும் பதினொன்னுதான், அதனால எஸ்பிஎம் முடிச்ச கையோட ஓடாம ஃபார்ம் சிக்ஸோ ஏ லெவலோ படிச்சுட்டுப் போடுறதுதான் நல்லது. அவங்க கடைசிப் பரீட்சையை மட்டும் பாக்குறது இல்ல, நாலு வருஷ மார்க்கையும் கேப்பாங்க, அப்படின்னா உன் ஃபார்ம் த்ரீ ரிப்போர்ட் கார்டும் கணக்குல வரும். எங்க வச்சிருக்க? தேடி எடுத்து முறுக்கு டின்ல போட்டு மூடி வை, நம்ம லயத்து வீட்டுல கரையான் எதையும் விடாது. அமெரிக்கக் காலேஜுல சேர எழுதுற எஸ்ஏடி பரீட்சை 1600-க்கு, இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்லதான், ஃபார்ம் சிக்ஸ்ல எழுதிக்கலாம், அதுக்கு இப்பவே டியூஷன் போயி காசைக் கரைக்காத.

இப்ப ஆக்டிவிட்டி. அமெரிக்காவுல நெறைய காலேஜுக்கு காமன் ஆப்னு ஒரே பாரம் இருக்கு, அதுல பத்து நடவடிக்கை எழுத எடம் விட்டிருப்பாங்க, ஒவ்வொன்னையும் 150 எழுத்துக்குள்ள சொல்லணும், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருஷத்துக்கு எத்தனை வாரம்னும் கேப்பாங்க. குடும்பப் பொறுப்புன்னு அதுல தனி வகையே இருக்கு தம்பி, சம்பள வேலைக்கும் இருக்கு. ஒன்னுமே இல்லைன்னு எனக்கு எழுதினியே, பாட்டி ஒன்னு, வடைக்கடை ஒன்னு, ரெண்டு ஆச்சு. இன்னையில இருந்து ஒரு நோட்டு போடு. எத்தனை மணிக்குப் போன, எவ்வளவு மாவு அரைச்ச, எந்த நாள்ல வடை மிஞ்சிச்சு, மழை பெஞ்சா ஏவாரம் எவ்வளவு எறங்குச்சு, எல்லாத்தையும் எழுது. அந்த பாரத்தோட 650 வார்த்தைக்குள்ள ஒரு கட்டுரையும் கேப்பாங்க, அன்னைக்கு உனக்கு எழுத விஷயம் இருக்கும்.

10 ஏ எடுத்தா மெட்ரிக் நிச்சயம்னு சொல்லிட்டாங்களே, அப்புறம் கோகோ (புறப்பாடம்) எதுக்கு? பையனைச் சனிக்கிழமை யூனிஃபார்ம் போட்டு அலைய விடணுமா? சர்டிபிகேட் மட்டும் எங்கயாவது வாங்கிக்கலாமா? – ஒரு அப்பா, சுங்கை பூலோ

அண்ணே, 10 ஏ-யும் அதுக்கு மேலயும் எடுத்தவங்களுக்கு இனம் பாக்காம மெட்ரிக் எடம்னு 2024-ல பிரதமர் அன்வார் அறிவிச்சது நெஜம்தான். உங்க பையன் 9 ஏ எடுத்தா? பப்ளிக் யூனிவர்சிட்டிக்கு மெரிட் போடும்போது நூத்துல தொண்ணூறு படிப்பு, பத்து புறப்பாடம். ஒரு எடத்துக்கு முழுப் புள்ளி 4.00 எடுத்த பிள்ளைங்களே வரிசையா நிக்கும்போது அந்தப் பத்துதான் ஆளைப் பிரிக்கும். யூனிஃபார்ம், கிளப், விளையாட்டு மூணுலயும் எத்தனை தடவை வந்தான், என்ன பொறுப்பு எடுத்தான், எந்த லெவல் வரைக்கும் போனான்னு பாத்துதான் மார்க். மூணே மூணு போதும், ஆனா தொடர்ந்து போகணும். ஒருநாள் கேம்ப் சர்டிபிகேட்டை ஃபைல் நெறைய அடுக்கிக்கிட்டு வந்து, என்ன செஞ்சேன்னு கேட்டா முழிச்ச பிள்ளைங்களை இன்டர்வியூ பழக்கும்போது எத்தனையோ பேரைப் பாத்தாச்சு.

மெட்ரிக் கெடைக்கலைன்னா ஊரே கூடி ஒப்பாரி வைக்காதீங்க. ஃபார்ம் சிக்ஸ்ல எழுதுற எஸ்டிபிஎம் மூணு தவணை, ஒன்றரை வருஷம், மொத ரெண்டு தவணையில சறுக்கினா திரும்ப எழுதலாம், வெளிநாட்டுலயும் எடுத்துக்கிறாங்க. கஷ்டம்தான், இல்லைன்னு சொல்லல.

எஸ்பிஎம்ல தமிழ் எடுத்தா ஏ கெடைக்காது, ரிசல்ட் கெட்டுப் போகும்னு ஸ்கூல்ல சொல்றாங்க, டீச்சரும் இல்லையாம். விட்டுறலாமா? – இன்னொரு அம்மா, ஈஜோக்

ஏ கெடைக்காதுன்னு சொல்றவங்க யாரும் எங்கிட்ட படிச்சவங்க இல்ல. பிள்ளைக்கு ஆர்வம் இருந்தா எடுக்கட்டும்மா, ஆறு வருஷம் தமிழ்ப்பள்ளியில படிச்சதை எதுக்கு நடுவுல விடணும். எட்டு ஒன்பது பாடத்துக்கே மூச்சு வாங்குற பிள்ளைன்னா கட்டாயப்படுத்தாதீங்க. டீச்சர் இல்லைங்கிற பதிலை மட்டும் அப்படியே வாங்கிக்கிட்டு வந்துறாதீங்க. 15 பிள்ளைங்களோட பெத்தவங்க கேட்டா தாய்மொழி வகுப்புக்கு ஸ்கூல் ஏற்பாடு பண்ணணும்னு கல்விச் சட்டத்துலயே இருக்கு. வாயால கேக்காதீங்க, எழுதி பதினஞ்சு பேரும் கையெழுத்துப் போட்டு, ஒரு காப்பி கையில வச்சுக்கிட்டு, பிரின்சிபல் ஆபீஸ்ல குடுங்க. உங்க வரிசை வீட்டுலயும் கோயில் பக்கத்துலயும் ஃபார்ம் த்ரீ பிள்ளைங்க எத்தனை பேருன்னு எண்ணிப் பாத்துட்டு எனக்கு எழுதுங்க, பதினஞ்சுக்கு ஒன்னு ரெண்டு கொறைஞ்சா அடுத்த தோட்டத்துல யாரைக் கேக்கலாம்னு சொல்றேன்.