குதிகால் ரத்தம், கருப்பட்டி வாசம், கருமணல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிறந்த பிள்ளைகளின் மெடபாலிக் நோய்களையும், அதாவது உடம்பில் ஏதாவது ஒரு என்சைம் (சத்துகளை மாற்றும் புரதம்) குறைந்து வரும் நோய்களையும், மரபணு நோய்களையும் பற்றியவை. குதிகால் ரத்தம் என்பது இந்த நோய்களைத் தேடப் பிறந்த பிள்ளையின் குதிகாலில் குத்தி எடுக்கும் சில பொட்டு; அதற்கு மேல் முதலிலிருந்து நீளமாகப் பாடம் எடுக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் திரும்பச் சொல்கிறேன், கேட்டுச் சலித்திருந்தாலும் சரி. எழுதும்போது பிள்ளையின் வயது, எடை, ரத்தம் எடுத்த நாள், ரிப்போர்ட்டில் உள்ள அலகு நான்கும் வேண்டும். இது இல்லாமல் கேட்டால் ஜோசியம்தான் சொல்ல முடியும், அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

பிள்ளைக்கு டி.எஸ்.எச். 28 என்று வந்திருக்கிறது. பயப்படணுமா? (மார்த்தாண்டம்)

பார்த்தீர்களா, எந்த நாளில் எடுத்தது என்று ஒரு வார்த்தை இல்லை. டி.எஸ்.எச். என்பது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு சரியாக வேலை செய்யாவிட்டால் ஏறும். ஆனால் பிறந்த முதல் நாளில் எல்லாப் பிள்ளைக்கும் அது ஏறும், 60, 70 வரைகூடப் போகும், அப்புறம் இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். அதனால்தான் 48 மணி நேரம் கழிந்து 72-க்குள் குதிகாலில் குத்தி எடுக்கச் சொல்கிறோம். முதல் நாள் எடுத்த 28-ஐ வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, திரும்ப எடுக்க வேண்டும். பத்தாம் நாள் எடுத்த 28 என்றால் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டு இருக்கக் கூடாது. அன்றைக்கே நரம்பில் ரத்தம் எடுத்து எஃப்.டி.4 என்ற தைராய்டு ஹார்மோனையும் சேர்த்துப் பார்த்து, மாத்திரை தொடங்குவதா என்று உங்கள் குழந்தை டாக்டரிடம் கேட்க வேண்டும். நம் நாட்டில் ஏறக்குறைய ஆயிரம் பிள்ளைக்கு ஒன்று இந்தத் தைராய்டுக் குறையோடு பிறக்கிறது. இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கிவிட்டால் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கும், விளையாடும். மாதக்கணக்கில் தள்ளிப்போனால் மூளைக்கு வந்த நஷ்டம் முழுசாகத் திரும்பாது. "நல்ல பிள்ளை, அழவே அழாது, பாலுக்குக்கூட எழுப்பித்தான் கொடுக்கணும்" என்று பெருமைப்படுகிற பாட்டிமார்களைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது.

மகளுக்கு ஒரு வயது. தைராய்டு மாத்திரை சாப்பிட்டு எல்லாம் நார்மல். நிறுத்திவிடலாமா? (தக்கலை)

மாத்திரை சாப்பிடுவதால்தான் நார்மல். மூன்று வயது வரை நிறுத்துகிற பேச்சே வேண்டாம், அதற்கப்புறமும் டாக்டர் சொன்னால் மட்டும். பொடித்துக் கொஞ்சம் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ கரைத்துக் கொடுங்கள், இரும்புச் சத்து டானிக், கால்சியம் இரண்டையும் அதோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

28 நாள் பிள்ளை. மூத்திரத்தில் கருப்பட்டிப் பாகு வாசம் அடிக்கிறது. நெட்டில் தேடினால் பயமாக இருக்கிறது. பால் நன்றாகக் குடிக்கிறான், எடை ஏறுகிறது. (குளச்சல்)

வயதும் எடையும் எழுதியதற்கு நன்றி மக்களே. நீங்கள் தேடிப் பார்த்தது மேப்பிள் சிரப் நோயாக இருக்கும், சில அமினோ அமிலங்களை உடம்பு சிதைக்க முடியாமல் மூத்திரத்தில் பாகு வாசம் வரும் பிறவி நோய். கடைசி வரியில் நீங்களே பதிலையும் எழுதிவிட்டீர்கள், பால் நன்றாகக் குடிக்கிறான் என்று. அந்த நோயின் கடுமையான வகை இருந்தால் முதல் வாரத்திலேயே பால் குடிக்காமல், எழுப்பினாலும் எழாமல், உடம்பு விறைத்து வளைந்து ஆஸ்பத்திரியில் கிடந்திருப்பான். உங்களிடம் ஒரு கேள்வி: பேறுகால மருந்தும் வெந்தயக் களியும் இன்னும் நடக்கிறதா? வெந்தயத்தில் இருக்கிற அதே வாசனைப் பொருள்தான் அந்த நோயிலும் மூத்திரத்தில் வருகிறது. தாய் வெந்தயம் சாப்பிட்டுப் பிள்ளைக்கு இந்த வாசம் வந்து டாக்டர்களே ஏமாந்தது மருத்துவப் பத்திரிகைகளில் பதிவாகியிருக்கிறது. நாலைந்து நாள் வெந்தயத்தை நிறுத்திப் பாருங்கள். போகவில்லை என்றால் அமினோ அமிலப் பரிசோதனை ஒன்று செய்துவிடுவோம்.

அதற்காக வாசத்தை லேசாக எடுக்கச் சொல்லவில்லை. 1934-ல் நார்வேயில் ஒரு தாய் தன் இரண்டு பிள்ளைகளிடமும் ஏதோ வாசம் வருகிறது என்று விடாமல் டாக்டர் டாக்டராக ஏறி இறங்கியதால்தான் ஃபோலிங் என்பவர் மூத்திரத்தைச் சோதித்து பி.கே.யு. நோயை (ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை உடம்பு சிதைக்க முடியாத நோய்) கண்டுபிடித்தார். வாசத்தோடு பால் மறுப்பும் மயக்கமும் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

முதல் பிள்ளை ஐந்தாம் நாள் இறந்துவிட்டது. கிருமி என்று சொன்னார்கள். நானும் அவரும் சொந்தம், அத்தை மகன். இப்போது பத்து வாரம். இந்தப் பிள்ளைக்கு என்ன டெஸ்ட் எடுக்கணும்? (குலசேகரம்)

இந்தக் கடிதம் ஊர்ப் பெயர் மட்டும் மாறி எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. உங்கள் மேல் தப்பில்லை அம்மா, கோபம் உங்கள் மேலும் இல்லை.

பிறக்கும்போது நன்றாக இருந்த பிள்ளை, இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த பிள்ளை, மூன்றாம் நாள் பாலை மறுத்து, துவண்டு, மூச்சு வேகமாகி, வலிப்பு வந்து போய்விடுகிறது. சீட்டில் 'செப்சிஸ்', அதாவது கிருமித் தொற்று, என்று எழுதிக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ரத்தக் கல்ச்சரில் கிருமி வளர்ந்ததா என்று கேட்டால் பல சமயம் இல்லை. வளர்ந்திருந்தாலும் அதோடு விஷயம் முடிந்துவிடாது, கேலக்டோசீமியா (பாலில் உள்ள சர்க்கரையைச் சிதைக்க முடியாத நோய்) உள்ள பிள்ளைக்கு ஈ.கோலை கிருமி சுலபமாக ஏறும், அங்கே கிருமியும் உண்மை, அடியில் இருக்கிற நோயும் உண்மை. அமோனியாவோ அமிலங்களோ ரத்தத்தில் சேர்ந்துவிடும் யூரியா சைக்கிள் கோளாறு, ஆர்கானிக் அமிலக் கோளாறு எல்லாம் பார்ப்பதற்குக் கிருமி மாதிரியேதான் இருக்கும். ஆன்டிபயாட்டிக் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதே ஊசி குத்தும்போது சர்க்கரை, பிளட் கேஸ், லாக்டேட், அமோனியா நான்கையும் பாருங்கள் என்றுதான் கத்திக்கொண்டிருக்கிறேன். அமோனியா நம் ஊரில் எல்லா லேபிலும் இல்லை என்பது எனக்கும் தெரியும். இருக்கிற இடத்திலாவது ஒழுங்காக எடுக்க வேண்டாமா? கையைக் கட்டி இறுக்காமல் தானாக ஓடி வரும் ரத்தம், ஐஸில் வைத்து உடனே லேபுக்கு. ஓர் ஆஸ்பத்திரியில் குழாயை மேஜையில் இரண்டு மணி நேரம் வைத்திருந்துவிட்டு 300 என்று ரிசல்ட் கொடுத்தார்கள், அந்த நம்பரை வைத்து நான் என்ன செய்ய?

அதைவிட எனக்கு ஆறாதது இன்னொன்று. பிள்ளை பிழைக்காது என்று தெரிந்த அந்த நேரத்தில் யாரும் ஒரு துளி ரத்தம் எடுத்து வைப்பதில்லை. ஊதா மூடிக் குழாயில் 2 மில்லி, ஃபில்டர் அட்டையில் நாலு பொட்டு, முடிந்தால் கொஞ்சம் மூத்திரம் ஃப்ரீசரில். செலவு மிகக் கம்மி. அந்த நேரத்தில் பெற்றவர்களிடம் இதைக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும், ஆனாலும் கேட்டே ஆக வேண்டும், ஏனென்றால் அந்தப் பிள்ளையோடு பதிலும் புதைந்து போகிறது. அட்டை இருந்தால் மரபணுவைப் படித்துக் காரணத்தைத் தேடலாம், காரணம் கிடைத்தால் அடுத்த கர்ப்பத்தில் 11-லிருந்து 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடிச் சதையை எடுத்துப் பார்த்துவிடலாம். அட்டை இல்லையென்றால் இப்போது உங்களை மாதிரி பத்து வாரத்தில் இருட்டில் தேட வேண்டியதுதான். இதைப் படிக்கிற இளம் டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: முதலில் மாதிரி, அப்புறம் மற்றது.

சரி, உங்களுக்கு. பழைய ஆஸ்பத்திரியில் குதிகால் ரத்த அட்டையோ மீதி ரத்தமோ இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள், கேஸ் ஷீட்டின் முழு நகலையும் வாங்குங்கள், டிஸ்சார்ஜ் சீட்டு மட்டும் போதாது. மாதிரி இல்லையென்றால் நீங்களும் கணவரும் சேர்ந்து எக்ஸோம் பரிசோதனை (மரபணுக்களின் முக்கியப் பகுதிகளை மொத்தமாகப் படிப்பது) கொடுங்கள். ஆளுக்கு 20 ஆயிரம் முன்னே பின்னே ஆகும், ரிசல்ட்டுக்கு நாலு வாரம். இரண்டு பேரிடமும் ஒரே ஜீனில் கோளாறு தெரிந்தால் 16 வாரத்தில் பனிக்குட நீர் எடுத்துப் பார்க்கலாம். ஒன்றும் தெரியவில்லை என்றாலும் கைவிட வேண்டாம், அமோனியா பார்க்கவும் டயாலிசிஸ் செய்யவும் வசதி உள்ள இடத்தில்தான் பிரசவம் என்று இப்போதே முடிவு செய்யுங்கள், பிறந்த முதல் நாளிலிருந்து பிள்ளையைக் கண்காணிக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். இந்த வாரமே கிளம்புங்கள், அடுத்த மாதம் என்று தள்ளாதீர்கள்.

மகனுக்கு ஜி6பிடி குறைவு. பீன்ஸ், பயறு, மொச்சை எல்லாம் நிறுத்திவிட்டோம். வேறென்ன நிறுத்தணும்? (நாகர்கோவில்)

பாவம் பிள்ளை, அதையெல்லாம் திரும்பக் கொடுங்கள். ஜி6பிடி என்பது ரத்தச் சிவப்பணுக்களை உடையாமல் காக்கும் என்சைம். ஆகாதது ஃபாவா என்கிற ஒரே அவரை, வடக்கே பாக்லா என்பார்கள், நம் ஊர்ச் சந்தையில் பெரும்பாலும் கிடைக்காது. நீங்கள் நிறுத்த வேண்டியது பீரோவில் இருக்கிறது. அந்துருண்டை. டிரங்குப் பெட்டியில் அந்துருண்டை போட்டு வைத்த பழைய வேட்டியைத் துவைக்காமல் எடுத்துப் பிள்ளையைச் சுற்றுவது நம் பக்கத்தில் சாதாரணம், அந்த ஆவி போதும் ரத்த அணுக்கள் உடைய. டாப்சோன், பிரைமாகுவின், நைட்ரோஃபுரான்டாயின் ஆகாது; பால் கொடுக்கிற தாய்க்கு மூத்திரக் கிருமிக்கு இந்தக் கடைசி மருந்தை எழுதினால் பிள்ளையின் விஷயத்தைச் சொல்லுங்கள். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் சரியான அளவில் கொடுக்கலாம். மூத்திரம் கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போனால், கண் மஞ்சளானால், உடனே வாருங்கள். இன்னொன்று, ரத்தம் உடைந்த சமயத்தில் எடுத்த ஜி6பிடி பொய்யாக நார்மல் காட்டும், மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பாருங்கள்.

சி.ஏ.எச். உள்ள மகளுக்குக் காய்ச்சல். ஸ்டீராய்டு ஆச்சே என்று மெடிக்கல் ஸ்டோரில் இரண்டு நாள் நிறுத்தச் சொன்னார்கள். (இரணியல்)

நிறுத்தாதீர்கள்! சி.ஏ.எச். என்றால் அட்ரீனல் சுரப்பி உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைச் சரியாகச் சுரக்காத பிறவிக் குறை. காய்ச்சல் நாளில் அந்த ஸ்டீராய்டு மருந்தான ஹைட்ரோகார்டிசோனை மூன்று மடங்காகக் கூட்ட வேண்டும். வாந்தியில் மருந்து தங்கவில்லை என்றால் ஊசி. மூன்று வயதுக்குக் கீழே 25 மில்லிகிராம், தசையில், போட்டுக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு. இதை ஒரு அட்டையில் எழுதி டாக்டரிடம் கையெழுத்து வாங்கிப் பையில் வையுங்கள். உயிர் காக்கும் மருந்தை நிறுத்த மெடிக்கல் ஸ்டோரில் சம்மதம் கேட்கிற பழக்கம் எப்போது போகுமோ.

நூற்றுக்கும் மேற்பட்ட நோய்களைப் பார்க்கும் டெஸ்ட் எடுத்தோம், எல்லாம் நார்மல். ஆனால் மஞ்சள் குறையவில்லை, கண்ணில் வெள்ளை தெரிகிறது. (குழித்துறை)

எந்த டெஸ்ட், எத்தனை நாள் பிள்ளை, எதுவும் எழுதவில்லை, அதை அப்புறம் திட்டிக்கொள்கிறேன். நீங்கள் எடுத்தது டி.எம்.எஸ். ஆக இருக்கும், ஒரே ரத்தப் பொட்டில் பல நோய்களைத் தேடும் கருவிச் சோதனை. அதில் கேலக்டோசீமியா தெரியாது, அதற்குத் தனி என்சைம் பரிசோதனை. தைராய்டு, சி.ஏ.எச்., ஜி6பிடி, பயோடினிடேஸ் (பயோடின் வைட்டமினை உடம்பு திரும்பப் பயன்படுத்த உதவும் என்சைம்) எல்லாமே தனித்தனிதான். விளம்பரத்தில் போட்டிருக்கும் நம்பரை விட்டுவிட்டு உள்ளே பெயர்ப் பட்டியல் இருக்கிறதா என்று படியுங்கள். மஞ்சளும் கண்ணில் புரையும் சேர்ந்திருந்தால் இன்றைக்கே போங்கள், ரத்த மாதிரியைக் கொடுத்துவிட்டுத் தாய்ப்பால் உட்பட எல்லாப் பாலையும் நிறுத்தி சோயா ஃபார்முலாவுக்கு மாற்றச் சொல்வார்கள், ரிசல்ட் வரும் வரை காத்திருக்க மாட்டார்கள். முதலில் மாதிரி. ரத்தம் ஏற்றிய பிறகு எடுத்தால் அந்த என்சைம் பரிசோதனையை நம்ப முடியாது.

எங்கள் ஊர் மணலில் கதிர்வீச்சு இருப்பதால்தான் பிள்ளைக்கு இந்த நோய் என்று எல்லாரும் சொல்கிறார்கள். (மணவாளக்குறிச்சி)

1909-ல் ஷாம்பர்க் என்ற ஜெர்மானியர் உங்கள் ஊர் மணலில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டதிலிருந்து இந்தப் பேச்சு இருக்கும் போல. மோனசைட்டில் கதிர்வீசும் தோரியம் உண்டு, கதிர்வீச்சு மற்ற ஊரைவிடக் கூடுதல், மறுக்கவில்லை. ஆனால் இதே மணல் உள்ள கேரளக் கரையில் பல்லாண்டுகளாகப் பிறந்த பிள்ளைகளைப் பார்த்துக் கணக்கெடுத்ததில் பிறவிக் குறைகள் மற்ற இடங்களைவிடக் கூடியதாகத் தெரியவில்லை. உங்கள் பிள்ளைக்கு வந்திருப்பது தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாக கோளாறான மரபணுவின் இரண்டு பிரதி சேர்ந்து வருகிற நோய், பெரும்பாலும் அந்தப் பிரதி பல தலைமுறையாகக் குடும்பத்துக்குள் இருந்ததாக இருக்கும். மணலைத் திட்டிவிட்டு அடுத்த பிள்ளைக்குப் பரிசோதனை செய்யாமல் விட்டுவிடாதீர்கள், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒன்று வாய்ப்பு அப்படியே இருக்கிறது.

நாங்கள் சொந்தத்தில் கட்டவில்லை. எப்படி வந்தது? (தோவாளை)

ஐந்தாறு தலைமுறையாக ஒரே சாதி, நாலு ஊருக்குள் பெண் எடுத்துப் பெண் கொடுத்தால் கல்யாணப் பத்திரிகையில் சொந்தம் இல்லாவிட்டாலும் ரத்தத்தில் இருக்கும். சுத்தமாகச் சொந்தமே இல்லாதவர்களுக்கும் வரலாம். மாமியாரிடம் இதைக் காட்டுங்கள்: இந்த நோய்க்குத் தாய் பாதி, தகப்பன் பாதி.

பயோடினிடேஸ் குறைவுக்குத் தினம் 10 மில்லிகிராம் பயோடின் எழுதியிருக்கிறார். கடையில் முடி வளர்கிற மாத்திரையைக் கொடுத்து ஏமாற்றுகிறார்கள். (அருமனை)

ஏமாற்றவில்லை, அதுதான் மருந்து. வேறு எதுவும் கலக்காத வெறும் பயோடின்தானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆயுசுக்கும் கொடுக்க வேண்டும். நிறுத்தி, காது கேட்காமல் போனால் பிறகு மாத்திரை அதைத் திருப்பித் தராது.

என்சைம் ஊசிக்கு லட்சக்கணக்கில் சொல்கிறார்கள். அரசு உதவி உண்டா? (கருங்கல்)

உண்டு. 2021 தேசிய அரிய நோய் கொள்கையின் கீழ் பட்டியலில் உள்ள நோய்க்கு ஒரு நோயாளிக்கு 50 லட்சம் வரை. ஆனால் குறிப்பிட்ட சிறப்பு மையம் வழியாகத்தான் கிடைக்கும். தமிழ்நாட்டில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை, நமக்குப் பக்கம் என்றால் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரி. போகுமுன் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் குழந்தைகள் பிரிவில் ரெஃபரல் கடிதம் வாங்குங்கள், என்சைம் ரிப்போர்ட், மரபணு ரிப்போர்ட், ஆதார் மூன்றும் அசலோடு. முதலில் நோய் இன்னது என்று ரிப்போர்ட்டில் உறுதியாக வந்திருக்க வேண்டும், சந்தேகம் என்று எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு போனால் வந்த பஸ்ஸிலேயே திரும்ப வேண்டியதுதான்.