எலும்பு வெளியே வந்த கால் முறிவு: புண்ணைத் தைக்காமல் விட்டது ஏன்?

கேள்வி: பைக் விபத்தில் என் தம்பிக்கு (வயது 28) முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து வெளியே வந்துவிட்டது. நேற்று தியேட்டரில் கழுவி, வெளியே கம்பி மாட்டியிருக்கிறார்கள். புண்ணைத் தைக்கவில்லை. நாளை மறுபடி ஆபரேஷன் என்கிறார்கள். சீழ் பிடிக்காதா டாக்டர்? ஆன்டிபயாடிக்கைக் கூட்டச் சொல்லலாமா?

பதில்: பயப்படாதீர்கள், தைக்காமல் விட்டதுதான் சரி. முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தடவிப் பாருங்கள். தோலுக்கு அடியில் உடனே எலும்புதான், நடுவில் சதையே இல்லை. அதனால்தான் அது எளிதில் தோலைக் கிழித்து வெளியே வருகிறது. ரோட்டு மண்ணும் துணி நூலும் உள்ளே போகின்றன.

நசுங்கிச் செத்த சதைக்கு ரத்த ஓட்டம் கிடையாது. ரத்தம் போகாத இடத்துக்கு ஆன்டிபயாடிக்கும் போகாது, அங்கே கிருமி பெருகும். அதை வெட்டி எடுப்பதுதான் முதல் சிகிச்சை. சதையின் நிறம் எப்படி, வெட்டினால் ரத்தம் கசிகிறதா, இடுக்கியால் கிள்ளினால் துடிக்கிறதா என்று ஒவ்வொரு இடமாகப் பார்த்து எடுப்பார்கள். முதல் நாள் உயிரோடு தெரிந்த சதை 48 மணி நேரத்தில் கறுத்துப் போவதும் உண்டு. இரண்டாவது ஆபரேஷனும், அதுவரை புண்ணைத் தைக்காமல் விட்டதும் அதற்காகத்தான். கழுவ வெறும் சலைன் போதும், பெரிய காயத்துக்கு 9 லிட்டர் வரை. 2015இல் வெளிவந்த பெரிய ஆய்வில், சோப்புக் கரைசலால் கழுவியவர்களுக்கே மறு ஆபரேஷன் அதிகம் தேவைப்பட்டது.

ஆன்டிபயாடிக்கில் அளவைவிட நேரம் முக்கியம். அடிபட்ட 1 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போவது நல்லது. பெரியவர்களுக்குப் பொதுவாக செஃபசோலின் 2 கிராம்; பெரிய காயமென்றால் ஜென்டாமைசின் போன்ற மருந்தும் சேரும். சீழ் இல்லாதபோது நாள் கணக்கில் நீட்டினால் மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும். டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டாயிற்றா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

நீங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியது வேறு: "புண்ணை எப்போது மூடுவீர்கள், பிளாஸ்டிக் சர்ஜன் பார்த்தாரா?" வெறும் எலும்பின் மேல் ஒட்டுத்தோல் பிடிக்காது. பெரும்பாலும் கெண்டைச்சதையைத் திருப்பி எலும்பை மூடி, அதன்மேல்தான் தோல் வைக்க வேண்டும். இது ஒரு வாரத்துக்குள் முடிந்தால் நல்லது. தள்ளிப்போகப் போக வார்டிலுள்ள கிருமிகளே புண்ணில் குடியேறும். இப்படிப்பட்ட காயங்களை மதிப்பிட கோவை கங்கா மருத்துவமனையில் உருவான மதிப்பெண் முறை தோல், எலும்பு, தசை மூன்றையும் தனித்தனியே அளப்பதும், மூன்றும் சேர்ந்து பிழைத்தால்தான் கால் நிற்கும் என்பதால்தான்.

சிகரெட் இருந்தால் இன்றே நிறுத்தட்டும். எலும்பு கூடுவதை அது வெகுவாகத் தாமதப்படுத்தும். மஞ்சள், பச்சிலை எதுவும் புண்ணில் படக்கூடாது. புண் திறந்திருந்தாலும் காலுக்குள் அழுத்தம் ஏறலாம்: விரல்கள் மரத்தாலோ, மெல்ல நீட்டிவிட்டாலே தாங்கமுடியாமல் வலித்தாலோ, நடுராத்திரியானாலும் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.