கூட்டமாக வந்து குழுவைக் கலைக்கிறார்கள்: பெங்களூரு தமிழர்களின் கேள்விகள்

நம் ஊர்த் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் நடக்கும் கூட்டு வசையையும் ஸ்பேமையும் பற்றி வந்த கேள்விகளுக்கு, பல குழுக்களில் அட்மினாக இருப்பவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கே.ஆர்.புரத்திலிருந்து ஒரு அட்மின்: அக்கா, காவிரி செய்தி வந்த அன்னைக்கு ராத்திரி புது நம்பர்கள் திமுதிமுன்னு உள்ளே வந்து தமிழரையும் கன்னடரையும் மாத்தி மாத்தித் திட்டினாங்க. நம்ம ஆளுங்களும் பதிலுக்கு இறங்கிட்டாங்க. என்ன செய்யணும்?

முதலில் வாய்ச்சண்டையை நிறுத்துங்கள் தம்பி. அட்மின்கள் மட்டும் செய்தி அனுப்பும்படி அமைப்பை மாற்றினால் சத்தம் அடங்கிவிடும். அடுத்து அழைப்பு லிங்க்கை ரீசெட் செய்யுங்கள். யாரோ அதைப் பொதுவெளியில் போட்டிருப்பார்கள். ரீசெட் செய்ததும் பழைய லிங்க் வேலை செய்யாது. இனி சேருபவர்களுக்கு அட்மின் ஒப்புதல் தேவை என்றும் வைத்துவிடுங்கள். எதையும் அழிப்பதற்கு முன், நம்பரும் நேரமும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

திட்டமிட்டு வந்தவர்களா என்பதற்கு அடையாளம் உண்டு. வேறு வேறு நம்பரிலிருந்து ஒரே வாசகம், ஒரே எழுத்துப்பிழையோடு அடுத்தடுத்து வரும். அவர்களுக்கு வேண்டியது நம் பதில்தான்; அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அடுத்த குழுவில் போட்டு அங்கேயும் மூட்டிவிடுவார்கள். இதை லேசாக நினைக்க என்னால் முடியாது. 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையின்போது தாக்குதல் வீடியோக்கள் இரண்டு மாநிலத்திலும் பரவின. 12ஆம் தேதி இதே ஊரில் தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகளும், டிப்போவில் நின்ற தனியார் பஸ்களும் எரிந்தன.

விவேக் நகர்: யாரோ போட்டதுக்கு அட்மின் மேல கேஸ் வருமா?

அட்மின் என்ற ஒரே காரணத்துக்காகப் பொறுப்பாக்க முடியாது என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2021இலும், கேரள உயர் நீதிமன்றம் 2022இலும் சொல்லியிருக்கின்றன. நீங்களும் அதற்கு உடந்தை என்றால் கதை வேறு. பார்த்தவுடன் நீக்கிவிடுங்கள்.

எலக்ட்ரானிக் சிட்டி: 'லைக் போட்டால் காசு' மெசேஜ் ஓயவே மாட்டேங்குது.

நீக்குங்கள், ரிப்போர்ட் செய்யுங்கள். யாராவது பணம் கட்டி ஏமாந்திருந்தால் அந்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழைக்கச் சொல்லுங்கள். தாமதித்தால் பணம் அடுத்தடுத்த கணக்குக்குப் போய்விடும், தடுப்பது கஷ்டம்.

அல்சூரிலிருந்து ஒரு தங்கை: குழுவில் எதிர்த்துப் பேசினேன். இப்போது ராத்திரி முழுக்கத் தெரியாத நம்பர்களிலிருந்து ஆபாச மெசேஜ், போன் கால். குழுவை விட்டே போயிடலாமான்னு இருக்கு.

போக வேண்டியது நீங்கள் இல்லைம்மா. தெரியாத நம்பர் அழைப்புகள் ஒலிக்காதபடி வாட்ஸ்அப்பிலேயே வசதி இருக்கிறது. புரொஃபைல் படத்தையும் தெரிந்தவர்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். பிளாக் செய்யலாம், ஆனால் சாட்டை அழிக்காதீர்கள். அந்த போனையும் மாற்றிவிடாதீர்கள், அதுதான் ஆதாரம். விருப்பமில்லை என்று தெரிந்தும் ஒரு பெண்ணை விடாமல் தொடர்புகொள்வது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவில் குற்றம்.

உங்கள் அட்மின் இதில் மௌனமாக இருக்கக் கூடாது. அந்த நம்பர்களைக் குழுவில் தேடிப் பார்த்து வெளியேற்றட்டும், உங்களுக்கு ஆதரவாக எல்லோர் முன்னாலும் பேசட்டும். பிறகு துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு உங்கள் பகுதி சைபர் குற்றக் காவல் நிலையத்துக்குப் போங்கள். கன்னடத்தில் எழுதச் சிரமம் என்றால் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.