வீட்டில் ஆறு பேர்: எர்டிகாவா, தாரா?

அம்மா, அப்பா, இரண்டு குழந்தைகளோடு ஆறு பேர், அம்மாவுக்கு மூட்டுவலி, ஆனால் மனசு முழுக்க மஹிந்திரா தார் என்கிறீர்கள். மூன்று கதவுத் தார் என்றால் வேண்டாம் என்றே சொல்வேன்.

அதில் நாலு பேர்தான் உட்கார முடியும். பின் சீட்டுக்குத் தனிக் கதவு கிடையாது. முன் சீட்டை மடக்கி, உயரத்தில் கால் வைத்து, குனிந்து இடுக்கில் நுழைய வேண்டும். ஒவ்வொரு தடவையும் அம்மாவை அப்படி ஏற்ற முடியுமா? தனிச் சட்டத்தின் மேல் பாடியைப் பொருத்திய வண்டி என்பதால் குலுக்கலும் கூடுதல். அதே கட்டுமானமும் நாலு சக்கர இழுவையும்தான் சேற்றிலும் மலைப்பாதையிலும் அதை ராஜாவாக்குகின்றன. ஆசைப்படுவதில் தப்பே இல்லை.

மாருதி எர்டிகாவில் ஏழு சீட், சிஎன்ஜியும் உண்டு. ஆனால் மூன்றாவது வரிசையில் ஆள் இருந்தால் டிக்கி 209 லிட்டர்தான். ஊருக்குப் போகும்போது மேலே கேரியர் தேவைப்படும்.

அப்புறம், 2024-இல் வந்த தார் ராக்ஸில் ஐந்து கதவு, ஐந்து சீட். ஆறு பேரும் சேர்ந்து போவது அபூர்வம் என்றால் அதைப் பார்க்கலாம். ஷோரூமுக்கு அம்மாவையும் கூட்டிப்போய், பின் சீட்டில் ஏறி இறங்கச் சொல்லுங்கள்.