மூலைமட்டம், கவராயம், பதக்கம்: பிறீமேசன் சின்னங்கள் பற்றிய கேள்வி பதில்

பழைய சாமான் சேர்க்கும் வன்னிக்காரர் அனுப்பிய கேள்விகள் இவை. பிறீமேசன் என்பது சபை சபையாகக் கூடும் ஒரு சகோதர சங்கம்; மூலைமட்டமும் கவராயமும் சேர்ந்ததுதான் அதன் சின்னம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பித்தளையைப் புளி போட்டு விளக்காதீர்கள்.

வவுனியா: இரும்புக் கடையில் உள்ளங்கையளவு மூலைமட்டம் ஒன்று வாங்கினேன். அதில் ஒரு தகடு தொங்குகிறது. தகட்டில் முக்கோணமும் மூன்று சதுரங்களும். இது என்ன?

நல்ல பொருள். ஆங்கில முறைப் பிறீமேசன் சபையில் தலைவராக இருந்து இறங்கியவரின் பதக்கம். பதவியில் உள்ள தலைவருக்கு வெறும் மூலைமட்டம்தான். அவருக்கு அடுத்த இருவருக்கு மட்டமும் தூக்குக்குண்டும். இறங்கிய பிறகே தகடு சேரும். அந்தப் படம் யூக்ளிட்டின் 'மூலங்கள்' நூலின் முதல் பாகத்தில் 47ஆவது தேற்றம், பள்ளியில் நாம் படித்த பைதகரஸ். பின்பக்கத்தில் பெயரோ சபை எண்ணோ வெட்டியிருக்கலாம், விளக்கினால் தேய்ந்துவிடும்.

கிளிநொச்சி: நான் வீடு கட்டும் மேசன். மூலைமட்டம் சரி, கவராயத்தை நாங்கள் தொடுவதே இல்லையே. அழகுக்கா வைத்தார்கள்?

நீங்கள் சீமெந்துக் கல் அடுக்குகிறீர்கள். பிறீமேசன்கள் பின்பற்றுவது ஐரோப்பாவில் தேவாலயம் கட்டிய கற்தச்சரை. வளைவுக்குக் கல் வெட்ட, பெரிய கவராயத்தால் முழு அளவில் கோடு போட்டார்கள்.

மாங்குளம்: எங்கள் பக்கம் மூலைமட்டமும் இல்லை, கயிறுதான். 3 அடி, 4 அடி, 5 அடி.

அடடா, வவுனியாக்காரரின் தகட்டில் இருப்பதே அதுதான்! 3, 4, 5 பக்கச் சதுரங்களின் பரப்பு: 9ம் 16ம் சேர்ந்தால் 25. நீங்கள் அத்திவாரத்தில் பிடிப்பதை அவர்கள் கழுத்துப்பட்டியில் தொங்கவிடுகிறார்கள்.

கிளிநொச்சி: கயிறு இழுபடும். மூலைமட்டம்தான் சரி.

இதில் மாங்குளத்தார் பக்கம்தான் நான். 2 அடி மூலைமட்டத்தில் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒன்று) பிசகினால் 30 அடிச் சுவரின் முனையில் 15 நூல், ஏறக்குறைய 2 அங்குலம். கயிறு இழுபட்டால் கம்பி பிடியுங்கள். 6, 8, 10 அடி இன்னும் நல்லது. சரி, போதும்.

முல்லைத்தீவு: லயன்ஸ், ரோட்டரி கூட்டத்தில் மணி அடிக்கிறார்களே, அதுவும் இதுதானா?

இல்லை. ரோட்டரி 1905இலும் லயன்ஸ் 1917இலும் தொடங்கிய சேவைக் கழகங்கள். என் துறை இல்லை.

நெடுங்கேணி: டொலர் நோட்டில் உள்ள கண்...

இதைக் கேட்கும் மூன்றாவது ஆள் நீங்கள். அந்தக் கண் 1782இலேயே அமெரிக்க முத்திரையில் ஏறிவிட்டது; பிறீமேசன் நூல்களில் பரவியது அதற்குப் பிறகு.

புளியங்குளம்: பேய் வணக்கம் என்கிறார்களே?

சபை நடக்கும்போது வேதநூல் திறந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. இந்தியச் சபைகளில் கீதை, குர்ஆன், பைபிள் எனப் பல வேதநூல்கள் இருக்கும்.

வவுனியா: ஐயா, பதக்கத்தை நேற்றே பிராசோ போட்டு விளக்கிவிட்டேன்.

டோர்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். எண் தெரிந்தால் எந்த ஊர்ச் சபை என்று தேடலாம். இனித் துணிகூட வேண்டாம்.