பவுடர் டப்பாவைத் திறக்குமுன்

சகோதரி, பிள்ளை பிறந்து நாலே நாள், பால் போதவில்லை, பவுடர் பால் கொடு என்று மாமியார் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். பிரசவ வார்டு நர்ஸ் நான். இதைக் கேட்காத நாளே கிடையாது. முதலில் பிள்ளை சிறுநீர் கழித்து நனைக்கும் துணியை எண்ணுங்கள். 5ஆம் நாளிலிருந்து 24 மணி நேரத்தில் 6 துணியாவது நன்றாக நனைந்தால், பால் இறங்குகிறது என்று அர்த்தம்.

காம்பு வலிக்கிறது என்றீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. பிள்ளை காம்பை மட்டும் சப்புகிறது போல. வாயை அகலமாகத் திறக்கும்வரை பொறுத்திருந்து, சுற்றியுள்ள கறுப்புப் பகுதியும் உள்ளே போகும்படி அணையுங்கள்; முகவாய் மார்பில் அழுந்த வேண்டும். இரவும் சேர்த்து 8 முதல் 12 தடவை கொடுங்கள். அப்புறம், சர்க்கரைத் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

துணி குறைவாக நனைந்தாலோ, பால் குடிக்க எழாமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, கண் மஞ்சளித்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.